எங்கள் ஊராட்சிக்குக் கோர்ட் இரண்டு பேரை அனுப்பியிருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

கேள்வி: வேலூர் மாவட்டம் குடியாத்தம் வட்டத்தில் ஒரு சிறிய ஊராட்சிக்குத் தலைவராக இருக்கிறேன். எங்கள் ஊரைச் சேர்ந்த இரண்டு பேருக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் ‘சமூக சேவை’ தண்டனை கொடுத்து, அதை எங்கள் ஊராட்சியிலேயே செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. ஒருவன் 22 வயதுப் பையன். பழைய செல்போன் ஒன்றைத் திருடிவிட்டான், போன் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவனுக்கு 40 மணி நேரம். இன்னொருவருக்கு 46 வயது. குடித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரகளை செய்தார். அவருக்கு 6 நாள். வார்டு உறுப்பினர் ஒருவர், “ரெண்டு பேரையும் கால்வாய் அள்ள விடுங்க, போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க, அப்பதான் புத்தி வரும்” என்கிறார். பையன் காலனியைச் சேர்ந்தவன். திருடனைப் பள்ளிக்கூடப் பக்கம் விடக் கூடாது என்று பெண்கள் சிலர் சொல்கிறார்கள். ஊராட்சிச் செயலரோ, “நமக்கு எதுக்கும்மா வம்பு, திருப்பி அனுப்பிடலாம்” என்கிறார். யார் இவர்களை மேற்பார்வை செய்ய வேண்டும்? ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? இனிமேலும் இப்படி ஆட்கள் வருவார்கள் என்றால் ஊராட்சி முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு செய்து வைக்க முடியுமா?

பதில்:

தலைவரம்மா, திருப்பி அனுப்ப வேண்டாம். உங்கள் செயலர் பயப்படுவது புரிகிறது. இதுவரை இல்லாத ஒரு வேலை, கையில் இருப்பது ஒரு பக்க உத்தரவு, நாளைக்கு ஏதாவது நடந்தால் கேள்வி ஊராட்சியைத்தான் கேட்பார்கள். ஆனால் நீங்கள் கைகழுவிவிட்டால் அந்த இரண்டு பேருக்கும் வேறு இடம் தேட வேண்டும். இடம் கிடைக்காமல் தண்டனையை முடிக்க முடியாமல் போனால் விஷயம் சிறை வரைக்கும் போகலாம். 2,000 ரூபாய் கூடப் பெறாத ஒரு போனுக்காக 22 வயதுப் பையன் சிறை வாசலை மிதிக்க வேண்டியதில்லை. நன்னடத்தை அலுவலராக, அதாவது கோர்ட் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விட்டவர்களைக் கண்காணிப்பவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் தடவை உள்ளே போய்விட்டு வருகிறவனுக்கு வெளியே வந்ததும் போக்கிடம் குறைந்துவிடுகிறது, உள்ளே கிடைத்த சகவாசம் மட்டும் கூடவே வருகிறது.

முதலில் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவில் ஆறு வகைத் தண்டனைகள் உண்டு, ஆறாவதாகச் சமூக சேவை புதிதாகச் சேர்ந்திருக்கிறது. எல்லாக் குற்றத்துக்கும் இதைக் கொடுக்க முடியாது. விரல் விட்டு எண்ணக்கூடிய சில சிறு குற்றங்களுக்கு மட்டும்தான். உங்கள் ஊர்ப் பையன் வருவது 303ஆம் பிரிவின் கீழ்: திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, தண்டனை பெறுவது முதல் தடவை, பொருளோ அதன் மதிப்போ திரும்பக் கொடுக்கப்பட்டுவிட்டது என்றால் சமூக சேவைதான் தண்டனை. மற்றவர் 355ஆம் பிரிவு: குடிபோதையில் பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை கொடுத்தல். இதற்கு அதிகபட்சச் சிறையே 24 மணி நேரம்தான். 1,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், அல்லது சமூக சேவை கொடுக்கலாம்.

சமூக சேவை என்றால் என்ன என்பதை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23ஆம் பிரிவு சொல்கிறது. தண்டனையாக நீதிமன்றம் செய்யச் சொல்லும் வேலை, சமூகத்துக்குப் பயன்பட வேண்டும், அதற்குக் கூலி கிடையாது. அவ்வளவுதான். எத்தனை மணி நேரம், யார் பக்கத்தில் நின்று பார்ப்பது, எந்த மாதிரி வேலை, பாதியில் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன என்பதெல்லாம் இந்தச் சட்டங்களில் இல்லை. மீதி எல்லாம் உத்தரவிலும் உள்ளூர் ஏற்பாட்டிலும்தான் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கேள்வி முக்கியமானது. இந்தத் தண்டனை ஒருவனைத் திருத்துமா, அசிங்கப்படுத்திக் கெடுக்குமா என்பது பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள் முதல் வாரத்தில் செய்யும் ஏற்பாட்டில் தீர்ந்துவிடும்.

இதில் அதிகாரம் யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்துக்கு மட்டும்தான். அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று 29 பொருள்கள் இருக்கின்றன. குடிநீர், சாலை, நூலகம் எல்லாம் உண்டு, தண்டனை கிடையாது. ஊராட்சி இங்கே இடமும் வேலையும் கொடுக்கிற வீட்டுக்காரர் மாதிரி. 40 மணி நேரத்தை 50 ஆக்கவும் முடியாது, பாவம் என்று 30 ஆகக் குறைக்கவும் முடியாது. பையன் வரவில்லை என்றால் நீங்கள் தண்டிக்க முடியாது, வரவில்லை என்று கோர்ட்டுக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். இந்த எல்லையை வார்டு உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே அடங்கிவிடும்.

இப்போது அந்தக் கால்வாய் விஷயம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டாய வேலையை அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்கிறது. பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாயச் சேவை வாங்கலாம் என்று அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கிலேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: அப்படி வாங்கும்போது மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது. காலனிப் பையன் என்றதும் கால்வாய்தான் நினைவுக்கு வருகிறது என்றால், அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊர்த் தெருவைச் சேர்ந்த ஒரு பையன் இதே போனைத் திருடியிருந்தால் அந்த உறுப்பினர் கால்வாய் என்று சொல்லியிருப்பாரா? அவரிடம் இதைக் கேளுங்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்க வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். மனிதக் கழிவு கலந்த கால்வாயில் ஒருவரை இறக்குவது, செப்டிக் டேங்க், சாக்கடைக் குழிக்குள் பாதுகாப்பு இல்லாமல் இறக்குவது எல்லாம் 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின்படி குற்றம். பட்டியல் சாதியினர் ஒருவரை மலம் அள்ள வைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து வரும். ‘கோர்ட் அனுப்பிய ஆள்தானே’ என்பது இதற்குச் சாக்காகாது. ஊராட்சி எழுதி வைக்கும் வேலைப் பதிவேடே உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

போட்டோ போடும் யோசனைக்கும் இதே பதில்தான். நீதிமன்றம் விதித்தது 40 மணி நேர வேலையை. ஊரே பார்த்துச் சிரிப்பதை அது விதிக்கவில்லை. ஒரு தண்டனைக்கு மேல் இன்னொரு தண்டனையை ஊராட்சி சேர்க்க முடியாது. என் வேலைக்காலத்தில் ஓர் ஊரில், கோர்ட் நன்னடத்தையில் விட்ட ஒருவனின் பெயரை டீக்கடை போர்டில் எழுதிப் போட்டார்கள். ‘இவர் மீது கவனம் தேவை’ என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, கீழே அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம். நான் போய் அழிக்கச் சொன்னபோது கடைக்காரர், “நல்லதுக்குத்தானே சார் எழுதினோம்” என்றார். அவனுடைய தங்கைக்கு அந்த மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வரவில்லை. அவன் ஊரை விட்டே போனான், அப்புறம் அவனை யாராலும் மேற்பார்வை செய்ய முடியவில்லை. தப்பு செய்தவனை ஊருக்குள்ளே வைத்துத் திருத்தத்தான் இந்த ஏற்பாடு. அவனை ஊரை விட்டு விரட்டுகிற எதுவும் இதற்கு நேர் விரோதம்.

சரி, மேற்பார்வைக்கு வருவோம். உத்தரவில் மேற்பார்வையாளர் பெயரோ பதவியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவர்தான். ‘ஊராட்சி மேற்பார்வையில்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் உடனே ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமித்து, அதைக் கோர்ட்டுக்கு எழுதித் தெரிவியுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஊராட்சிச் செயலர் இருக்கலாம், நூலகர் இருக்கலாம், சுகாதார நிலையத்தில் ஒருவர் இருக்கலாம். நீங்களே இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. தலைவர் அரசியல்வாதியும்கூட. அடுத்த தேர்தலில் பையனின் குடும்பம் யாருக்கு ஓட்டுப் போடும் என்ற பேச்சு இதற்குள் நுழையக் கூடாது. புகார் வந்தால் கேட்கிற இடத்தில் நீங்கள் இருங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்குப் பக்கம் எண் போடுங்கள், பின்னால் யாரும் கிழித்துவிட முடியாது. தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, செய்தவர் கையெழுத்து, மேற்பார்வையாளர் கையெழுத்து என்று ஆறு கட்டம் போதும். ‘செய்த வேலை’ கட்டத்தில் ‘பொதுப்பணி’ என்று எழுத விடாதீர்கள். ‘நூலகத்தில் 2 அலமாரி தூசி தட்டி, புத்தகத்துக்கு எண் ஒட்டியது’ என்று எழுத வேண்டும். இப்படி எழுத வேண்டும் என்று தெரிந்தாலே மேற்பார்வையாளர் ஏதாவது உருப்படியான வேலையைத் தேடிக் கொடுப்பார். வெறுமனே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கும் பழக்கமும் வராது, ‘பையன் நல்லவன், வராட்டியும் போட்டு விடு’ என்று சிபாரிசும் வராது. கையெழுத்து அன்றன்றைக்கே. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் திங்கட்கிழமை கையெழுத்து வாங்கும் நோட்டு எங்கேயும் நிற்காது. நோட்டைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நோட்டின் படம்தான், ஆளின் படம் வேண்டாம். எல்லா மணி நேரமும் முடிந்ததும் ஒரு நகலை இணைத்து, வேலை முடிந்தது என்று கோர்ட்டுக்குச் சான்று அனுப்ப வேண்டும். அந்தப் பையனுக்கும் ஒரு நகல் கட்டாயம் கொடுங்கள். நாலு வருஷம் கழித்து யாராவது கேட்டால் அவன் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

நேரத்தை நிர்ணயிக்கும்போது அவன் பிழைப்பைக் கெடுக்காதீர்கள். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஒரு பையன் என் மேற்பார்வையில் இருந்தான். ஆபீஸ் நேரத்தில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது முதலில் இருந்த ஏற்பாடு. ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அரை நாள் சம்பளம் போனது. லீவு ஏன் என்று மேஸ்திரி கேட்கும்போதெல்லாம் ஒரு புதுப் பொய். அவனாகச் சொல்லவில்லை, அவன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என்று மாற்றிக்கொண்டேன். ஒரு தடவைகூட அவன் இல்லாமல் இருந்ததில்லை. உங்கள் பையன் தீப்பெட்டி ஆபீஸுக்கோ தறிக்கோ போகிறவனாக இருந்தால், ஞாயிறுதோறும் 4 மணி நேரம் வைத்துப் பத்து வாரத்தில் 40 மணி நேரத்தை முடித்துவிடலாம். உத்தரவில் முடிக்க வேண்டிய தேதி இருந்தால் அதற்குள் அடங்குகிறதா என்று மட்டும் கணக்குப் பாருங்கள். 46 வயதுக்காரருக்கு ‘6 நாள்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம்? 4 மணியா, 8 மணியா? இதைக் கோர்ட் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்களாக முடிவு செய்தால் பின்னால் ஏதாவது ஒரு பக்கம் இடிக்கும்.

என்ன வேலை கொடுக்கலாம்? ஏரிக்கரையில் பனங்கொட்டை நடுவது, நட்டு வைத்த கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு முள்வேலி கட்டுவது, சுடுகாட்டுப் பாதையில் சீமைக்கருவேலம் வெட்டி ஒதுக்குவது, நூலக வேலை, ஊராட்சிக் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது, சுகாதார நிலையத்தில் மருந்துப் பெட்டிகளை அடுக்குவது. பெண்களின் கவலையையும் தட்டிக்கழிக்க வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் பள்ளிக்குள் வேண்டாம், விடுமுறை நாளில் காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடித்தால் யாருக்கும் சங்கடம் இல்லை. அந்தப் பையனுக்குத் தெரிந்த தொழில் ஏதாவது இருந்தால் அதையே கொடுங்கள். தச்சு வேலை தெரிந்தவனைப் புல் பிடுங்க விடுவது அவனுக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம். நூறு நாள் வேலை நடக்கும் தளத்தில் இவர்களைச் சேர்க்காதீர்கள். ‘இவன் சும்மா செய்யுறான், எங்க கூலி என்ன ஆகும்’ என்று அங்கே இருக்கும் பெண்கள் கேட்பார்கள், கேட்பது நியாயம். இன்னொரு ஆபத்தும் உண்டு: இவர்கள் செய்த வேலையை மஸ்டர் ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் வேறு பெயரில் எழுதிப் பணம் எடுக்கும் சபலம் யாருக்காவது வரும். தூய்மைக் காவலர்களின் வேலையையும் இவர்கள் தலையில் கட்ட வேண்டாம், அது அவர்கள் சம்பளம். அதேபோல, உறுப்பினர் வீட்டுக் கொட்டகை, ஒப்பந்ததாரர் போடும் ரோடு, யாருடைய நிலமும் கூடாது. கூலி இல்லாத கை ஒன்று ஊரில் இருக்கிறது என்றால் அதைக் கேட்டு நாலு பேர் வருவார்கள். ‘பொதுச் சொத்து இல்லையென்றால் கிடையாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள்.

46 வயதுக்காரர் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். அவர் தினமும் குடிப்பவரா, அன்றைக்கு மட்டும் குடித்தவரா என்று குடும்பத்தில் மெதுவாகக் கேளுங்கள். தினமும் குடிப்பவர் காலையில் குடிக்காமல் வேலைக்கு வந்தால் கை நடுங்கும், வேர்க்கும், சிலருக்கு வலிப்பே வரும். வேலை செய்யச் சோம்பல் என்று ஊர் நினைக்கும். அவரை ஏணியில் ஏற்றுவதோ, கையில் வெட்டுக்கத்தி கொடுப்பதோ கூடாது. அவர் ரகளை செய்த அதே சுகாதார நிலையத்து மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போகத் துணைக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்தால் பாதி வேலை முடிந்தது. குடிநோய் ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண்ணும் உண்டு. சிகிச்சைக்குப் போகச் சொல்லி ஊராட்சி கட்டாயப்படுத்த முடியாது, சொல்லிப் பார்க்கலாம். ஆறு நாள் வேலை முடிந்து ஏழாம் நாள் அவர் மறுபடி கடை வாசலில் நின்றால் இந்தத் தண்டனையால் ஊருக்கு என்ன கிடைத்தது?

காயம் பட்டால் யார் பொறுப்பு என்று கேட்டிருந்தீர்கள். உத்தரவில் எதுவும் இல்லையென்றால் அதையும் கோர்ட்டிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வரும் வரைக்கும் உயரம், மின்சாரம், கிணறு, இயந்திரம், ரசாயனம் இந்த ஐந்தையும் ஒதுக்கிவிடுங்கள். குடிதண்ணீர், நிழல், கழிப்பறை, கையுறை இருக்கிற இடமாகப் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நம் மாவட்டத்தில் பதினொரு மணிக்கு மேல் யாரையும் வெளியில் வேலை வாங்கக் கூடாது. இவர்களையும்தான்.

இனிமேலும் வருவார்களா என்றால், வருவார்கள். வர வேண்டும் என்பதுதான் என் ஆசையும். அதனால் அடுத்தவர் வருவதற்கு முன்னால் ஏற்பாடு இருக்க வேண்டும். ஒவ்வொரு ஊராட்சியும் உத்தரவு கையில் வந்த பிறகு ஓடித் திரிவதில் அர்த்தமில்லை.

நீங்கள் செய்யக்கூடியது எளிதானது. ஒரு தாளில் உங்கள் ஊராட்சியில் என்னென்ன பொது வேலைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆகும், யார் மேற்பார்வை, பஸ் வசதி உண்டா, பெண் ஒருவர் வந்தால் எந்த இடம் பொருந்தும் என்று எழுதுங்கள். இந்தப் பட்டியலைக் கிராம சபையில் வையுங்கள். நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை கூடுகிறது, எது பக்கத்தில் வருகிறதோ அதில் வைக்கலாம். வேலைப் பட்டியல்தான் சபைக்குப் போக வேண்டும். ஆளின் பெயரும் வழக்கும் ஒரு நாளும் போகக் கூடாது. எந்த வேலை ஊருக்குத் தேவை என்று சொல்ல ஊருக்கு உரிமை உண்டு, யார் எதற்காக வந்திருக்கிறார் என்று விசாரிக்க உரிமை இல்லை.

அப்புறம் அந்தப் பட்டியலைச் சத்துவாச்சாரியில் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கும், ஆட்சியர் அலுவலகத்துக்கும், நன்னடத்தை அலுவலருக்கும் அனுப்புங்கள். தமிழ்நாட்டில் நன்னடத்தைப் பிரிவு சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் கீழ் வருகிறது. சமூக சேவையை அவர்கள்தான் பார்க்க வேண்டும் என்று புதிய சட்டத்தில் இல்லாவிட்டாலும், ஊருக்குள் இருக்கும் ஒருவரைக் கண்காணித்து, விசாரித்து, ஆலோசனை சொல்லிப் பழகியவர்கள் அவர்கள்தான். நம் மாகாணத்துக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. நாடு முழுவதற்குமான நன்னடத்தைச் சட்டம் 1958இல்தான் வந்தது, மதராஸ் மாகாணத்துக்கு 1936இலேயே தனிச் சட்டம் இருந்தது. தென் மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்கும் நன்னடத்தை அலுவலர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் நிறுவனமே 1979 முதல் நம் தொரப்பாடியில்தான் இருக்கிறது. வேலூர்க்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போது மத்தியச் சிறையின் மதிலை மட்டும் பார்க்கிறார்கள். சிறைக்கு வெளியே வைத்துத் திருத்தும் வேலையையும் சொல்லிக்கொடுக்கிற இடம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இருப்பவர்களை அழைத்து நம் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் ஒரு நாள் வகுப்பு எடுக்கச் சொல்லி ஆட்சியரிடம் நீங்கள் கேட்கலாம். நான்கைந்து தலைவர்கள் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

மாவட்ட அளவில் ஒரு மேசை தேவை. சிறைக்குள் இருப்பவர்களுக்காக அப்படி மேசைகள் ஏற்கெனவே உண்டு. விசாரணைக் கைதிகள் தேவையில்லாமல் அடைபட்டிருக்கிறார்களா என்று பார்க்க மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு மறுஆய்வுக் குழு இருக்கிறது. ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர் எல்லோரும் அதில் உண்டு. சிறையைப் பார்வையிட அதிகாரிகளும் பொதுமக்களில் சிலரும் கொண்ட பார்வையாளர் குழு உண்டு. ஊருக்குள் தண்டனை அனுபவிப்பவர்களுக்கும் அதே மாதிரி ஒரு கண் வேண்டும் என்று நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1973இல் இதற்கென்றே சட்டம் போட்டது. கவுண்டி என்று சொல்லப்படும் உள்ளூர் நிர்வாகமே திட்டம் தயாரிக்க வேண்டும், மாநிலம் பணம் கொடுக்கும். திட்டத்தைப் பார்க்கிற ஆலோசனைக் குழுவில் காவல், வழக்கறிஞர், நீதிபதி, கல்வி, சமூக நலம் எல்லாத் தரப்போடும், சிறுபான்மையினரும் சாதாரணக் குடிமக்களும் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதை அப்படியே இங்கே நட முடியாது. ஆனால் அந்தக் கடைசி இரண்டு நாற்காலிகள் எனக்குப் பிடித்தவை. நம் மாவட்டத்தில் அப்படி ஒரு குழு அமைந்தால் ஒரு ஊராட்சித் தலைவரும், காலனியிலிருந்து ஒருவரும், முன்பு தண்டனை முடித்து இப்போது சொந்தக் காலில் நிற்கும் ஒருவரும் அதில் இருக்க வேண்டும்.

அந்தக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடினால் போதும். எத்தனை உத்தரவு வந்தது, எத்தனை முடிந்தது, எது ஏன் முடியவில்லை, என்ன வேலை கொடுக்கப்பட்டது, என்ன புகார் வந்தது. பெயர் இல்லாமல் இந்தக் கணக்கு. கால்வாய் வேலை யாருக்கு அதிகம் போகிறது, நூலக வேலை யாருக்கு அதிகம் போகிறது என்று சாதி வாரியாகவும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பழைய வழக்கம் புதிய உத்தரவுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். 1958 சட்டத்தின் 13ஆம் பிரிவு நன்னடத்தை அலுவலரை மாவட்ட மாஜிஸ்திரேட்டின் கட்டுப்பாட்டில் வைக்கிறது, அரசு அங்கீகரித்த சங்கம் தரும் ஆளையோ, தகுதியான வேறு ஒருவரையோ அந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும் வழி விடுகிறது. உள்ளூர்க்காரர்கள் இதில் கைகொடுப்பது சட்டத்துக்கு அந்நியமான யோசனை இல்லை.

பையனைப் பற்றி இன்னொரு விஷயம், இது ஊராட்சியின் வேலை இல்லை என்றாலும். சமூக சேவை லேசான தண்டனைதான், ஆனால் தண்டனை தண்டனைதான், குற்றவாளி என்ற தீர்ப்பு அவன் மேல் நிற்கிறது. 1958 சட்டத்தின் 3ஆம் பிரிவில் கண்டித்து விடுவதற்கும், 4ஆம் பிரிவில் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி விடுவதற்கும் வழி உண்டு. அப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. அரசு வேலை, போலீஸ் வெரிஃபிகேஷன் என்று நாளைக்கு அலையப்போகும் 22 வயதுக்காரனுக்கு இது பெரிய வித்தியாசம். அவன் வழக்கில் இதை யாராவது கேட்டார்களா என்று தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அப்பீல் நீதிமன்றமும் அப்படி உத்தரவிட முடியும், ஆனால் அப்பீலுக்குக் காலக்கெடு உண்டு, நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இந்த வாரமே போகட்டும். போவதா வேண்டாமா என்பது அவன் முடிவு. அதற்காக வேலையை ஆரம்பிக்காமல் இருக்கவும் வேண்டாம்.

நாளைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒரு கடிதம். கோர்ட்டுக்கு முகவரியிட்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நகல் வைத்து: உத்தரவு கிடைத்தது, மேற்பார்வையாளர் இன்னார், வேலை இன்னது, கிழமையும் நேரமும் இவை, ‘6 நாள்’ என்பதற்கு மணிக்கணக்கு என்ன, காயம் பட்டால் நடைமுறை என்ன. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அனுப்பும் முன் இந்தப் பகுதியின் முகவரிக்கு ஒரு நகல் போடுங்கள், பெயர்களை எடுத்துவிட்டுப் போடுங்கள். படித்துத் திருத்த வேண்டியது இருந்தால் திருத்தி அனுப்புகிறேன்.